ஹாயான ஆள் ஒருவர் தேவை

நல்ல சோம்பேறி ஒருத்தியைக் கண்டுபிடிக்க எவ்வளவு அலைய வேண்டியிருக்கிறது என்பது லென்ஸுக்கு அந்த வருடம்தான் தெரிந்தது.

லென்ஸ் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. சாவி வெட்டும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டிய ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை அவளுடையது. எத்தனையோ வருடமாக அதே உயர நாற்காலி, அதே எழுத்துப் பலகை, அதே கேள்வி. வந்தவர் மூக்கில் கனமான பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. காபி நன்றாக இருக்கிறது என்று கணவர் சொன்னால்கூட, "இன்னைக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா?" என்பாள். அவர் பாவம், "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். எதற்கும் சரி சொல்கிற மனிதர். சிநேகிதிகள் அவளுக்கு லென்ஸ் என்று பெயர் வைத்தபோதும் சரி என்றார். ஒரு மாதத்தில் அவரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்.

தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தான் எதையும் அலட்டிக்கொள்ளாத ஆள், ஹாயான ஆள். இதை அவள் அடிக்கடி, கொஞ்சம் பதற்றத்தோடு சொல்லுவாள்.

கோல்ஃப் அவளிடம் வந்தது ஒரு வாடிக்கையாளர் வழியாக. புதுக் கண்ணாடி போட்டும் அடித்த பந்து எங்கே விழுகிறது என்று தெரியவில்லை, பவர் தப்பு என்று அவர் மூன்று தடவை வந்து சண்டை போட்டார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கே கிளம்பிப் போய், அவர் பக்கத்தில் நின்று பார்த்தாள். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை. பந்துதான் அவர் பார்க்கிற திசையில் போகவில்லை. "பேசுறது சுலபம், நீங்க அடிச்சுப் பாருங்க" என்று அவர் மட்டையை நீட்டினார். அடித்தாள். பந்து எழும்பி, கொஞ்ச நேரம் வானத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கியது. அதற்குப் பிறகு அவளை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை.

தனியாகப் போக வெட்கமாக இருந்ததால் அண்ணியை இழுத்துக்கொண்டு போனாள். அண்ணி, அவளுடைய ஒரே அண்ணனின் மனைவி, பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தாள். புத்தகத்தை மாதக்கணக்கில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறவர்களிடம் "முடிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பாள், முடிக்கவில்லை என்றால் திரும்பக் கொடுத்துவிடுவாள். அவள் இடது கைக்காரி. மைதானத்தில் யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்த ஒரு இடது கை மட்டைப் பை அவளுக்கென்றே காத்திருந்ததுபோல் கிடைத்தது.

பிறகு பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடப்பவள், எங்கே சாய இடம் கிடைத்தாலும் தூங்கிவிடுவாள். அப்புறம் கிளட்ச் அக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவள், நால்வரில் மூத்தவள். உலகத்தில் எந்தப் பிரச்சினையைச் சொன்னாலும் "கிளட்சை மெதுவா விடு" என்பதே அவளுடைய ஆலோசனை.

நால்வரும் சனிக்கிழமை காலைகளில் ஆடினார்கள். எத்தனை அடி அடித்தோம் என்று எண்ணுவதில்லை. அது அண்ணி வைத்த சட்டம். எண்ண ஆரம்பித்தால் பொய் சொல்ல வேண்டியிருக்கும், எதற்கு வம்பு என்றாள். ஒரு குழியை முடித்ததும் மூன்றில் ஒரு மதிப்பெண்தான் உண்டு: "நல்லாப் போச்சு", "பரவாயில்ல", "விட்டுடு". அதையும் அடித்தவள் சொல்லக் கூடாது, மற்ற மூவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். மணல் பள்ளத்தில் பந்தை மட்டையால் புதைத்தே விட்ட கிளட்ச் அக்காவுக்கு ஒருநாள் ஒருமனதாக "நல்லாப் போச்சு" கொடுத்தார்கள். பந்து போய்விட்டது, அதுவும் நன்றாகவே போய்விட்டது என்பது தீர்ப்பு.

வெளிநாட்டுப் பயணமும் அண்ணி போட்ட திட்டம்தான். கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு பாறைக் கரையின் மேல், சின்ன விடுதியும் அதை ஒட்டி ஒரு கோல்ஃப் மைதானமும். விளம்பரப் படத்தில் கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு புல்லில் படுத்திருந்தார். "இங்கதான் போகணும்" என்றாள் அண்ணி. "ஆள் தூங்குறாரா, போய்ச் சேந்துட்டாரான்னு யாரும் கவலைப்படல பாரு. அதுதான் நமக்கு ஏத்த இடம்." நான்கு பேர் கொண்ட குழுக்களுக்குத்தான் அங்கே இடம். நால்வர் பெயரையும் பதிந்தார்கள்.

மழை தொடங்கியபோது அண்ணி நோயில் படுத்தாள். யாரையும் அதிகம் காக்க வைக்காமல் போய்விட்டாள்.

விடுதியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருத்தப்பட்டாள். ஆனாலும் நான்காவது ஆள் வேண்டும், பின்னால் வேறொரு குழு காத்திருக்கிறது, மாதக் கடைசிக்குள் யாரென்று சொல்லுங்கள் என்றாள். மரியாதையான குரல். அதோடு சண்டை போட வழியில்லை.

அண்ணிக்குப் பிறகு அவர்கள் சனிக்கிழமைகளில் ஒழுங்காகக் கூடவில்லை. ஒரு வாரம் டாக்டருக்கு நோயாளி, ஒரு வாரம் கிளட்ச் அக்காவுக்கு முதுகு, ஒரு வாரம் லென்ஸே கடையில் சரக்கு வருகிறது என்று பொய் சொன்னாள். இந்தப் பயணமும் கைவிட்டுப் போனால் சனிக்கிழமைகளும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு டாக்டர் வெறும் பல் டாக்டர் ஆகிவிடுவாள். தெருவில் பார்த்தால் நலம் விசாரிப்பார்கள். அந்த நலம் விசாரிப்பு அவளுக்கு வேண்டாம்.

ஆகவே நான்காவது ஆளைத் தேடினாள். தேடுவதை அவள் பாணியில் தேடினாள்.

"யாரையாவது கூட்டிட்டுப் போனாப் போச்சு" என்றாள் டாக்டர், கண்ணை மூடியபடியே.

"யாரையாவதுன்னா? ஒரு வாரம் ஒரே இடத்துல இருக்கணும். சிடுசிடுன்னு ஒருத்தி வந்தா நம்ம கதி என்ன? ஹாயான ஆளா இருக்கணும். பரீட்சை வச்சுத்தான் எடுக்கணும்."

"பரீட்சைன்னு சொன்னா எவ வருவா?" என்றாள் கிளட்ச் அக்கா.

"சொன்னாத்தானே."

முதலில் சிக்கியவள் டாக்டரின் பள்ளித் தோழி, வங்கி மேலாளர். கண்ணாடி சரிபார்க்க என்று கடைக்கு வரவழைத்து, உயர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, லென்ஸ் பின்னறையில் போய் ஒன்றும் செய்யாமல் நின்றாள். திரைச் சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காலை ஆட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். முதல் பரீட்சையில் தேர்ச்சி. அடுத்தது சாப்பாடு.

"எங்க போய்ச் சாப்பிடலாம் மேடம்?"

"எங்கன்னாலும் சரி. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது."

"அப்போ அந்த முக்குல இருக்கே, அங்க?"

"அங்கயா? அங்க ஃபேன் சத்தம் போடும்."

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல?"

"போலாம். ஆனா அங்க தட்டு ஈரமா குடுப்பாங்க. நீங்களே சொல்லுங்க, எங்கன்னாலும் சரி."

நான்காவது இடத்தைச் சொல்லும்போதே லென்ஸ் மனசுக்குள் அவர் பெயரை அழித்துவிட்டாள்.

இரண்டாவது ஆள் கிளட்ச் அக்காவிடம் வண்டி பழகிய ஒரு வீட்டுத் தரகர் அம்மா. நல்ல சிரிப்பு, நல்ல கை. மைதானத்தில் லென்ஸ் வேண்டுமென்றே அவருடைய பந்தைத் தன் பந்துபோல் அடித்துப் புதருக்குள் அனுப்பினாள். தரகர் கோபிக்கவில்லை. "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்றார். மூவரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். ஆனால் குழியை முடித்ததும் டாக்டருக்கு எல்லாரும் "பரவாயில்ல" கொடுத்தபோது தரகர் இனிமையாகச் சொன்னார்: "டாக்டருக்கு ஒன்பது அடி. நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குப் பதினொண்ணு."

வண்டியில் திரும்பும்போது அவர் பெயரும் அழிந்தது.

இதற்கு நடுவில் அண்ணன் வேறு.

அண்ணன் கட்டடங்களில் தீப்பாதுகாப்பைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர். ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. பார்வை மட்டும் ஓய்வு பெறுவதாக இல்லை. எங்கே போனாலும் முதலில் வெளியேறும் வழியைத் தேடுவார். தங்கையின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்தின் பின்கதவு திறக்கிறதா என்று பார்த்தவர். "உனக்கு ஓட வழி பண்ணி வச்சாரு, நீதான் ஓடல" என்று அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த வீட்டில் அலட்டிக்கொள்வதற்கு அவர், அலட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு அண்ணி என்று வேலை பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். இப்போது பாதி வேலைக்கு ஆளில்லை.

அவர் அடிக்கடி கடைக்கு வந்தார். வந்து நின்று, சுவரைப் பார்த்து, ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்துப் போவார். ஒருநாள் கேட்டார்.

"அந்த ட்ரிப் என்னம்மா ஆச்சு?"

"எந்த ட்ரிப்?"

"அதான், நீங்கல்லாம் பந்தடிக்கப் போறதா இருந்ததே."

உன் மனைவி இடத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறோம், இதுவரை இரண்டு பேரைக் கழித்துவிட்டோம் என்று எந்தத் தங்கை சொல்லுவாள்? "அது இல்லண்ணே. கேன்சல்" என்றாள்.

அண்ணன் தலையாட்டினார். "அந்த ஒயர் சூடாகுது. மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவதாகக் கிடைத்தவள் மீன்தொட்டி விற்கிற கடைக்காரி. லென்ஸின் வாடிக்கையாளர். பேச்சும் நடையும் தொட்டிக்குள் நீந்துவதுபோல் இருக்கும். கடையில் காக்க வைத்தார்கள்; தூங்கிப்போனாள். சாப்பிட எங்கே போகலாம் என்றதற்கு "நீங்க போற இடம்" என்றாள். போன இடத்தில் ஃபேன் சத்தம் போட்டது, தட்டு ஈரமாக இருந்தது, அவள் ஈரத்தில் விரலால் மீன் வரைந்தாள். மைதானத்தில் அவள் அடித்த பந்து குட்டையில் விழுந்தது. "இருந்துட்டுப் போகட்டும், அதுக்கும் தண்ணி பிடிக்கும்" என்றாள். எண்ணவில்லை. எதையும் கேட்கவில்லை. கிளட்ச் அக்கா அடித்ததைப் பார்த்து, யாரும் சொல்லித் தராமலே, "விட்டுடுங்கக்கா" என்றாள்.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு மூவரும் பயிற்சிப் பள்ளி வண்டியில் திரும்பினார்கள். கிளட்ச் அக்கா ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் டாக்டர். பின்னால் லென்ஸ்.

"எப்படி?" என்றாள் கிளட்ச் அக்கா.

"நல்லாத்தான் இருக்கா" என்றாள் லென்ஸ்.

"அப்போ சொல்லிடலாமா?"

வண்டி கொஞ்ச தூரம் போனது.

"ரொம்ப நல்லா இருக்கா" என்றாள் லென்ஸ். "அதுதான் ஒரு மாதிரி இருக்கு."

"ஆமா" என்றாள் டாக்டர். "என் பல்லைப் பாத்துச் சிரிச்சா."

"உன் பல்லைப் பாக்காம வேற எதைப் பாத்து சிரிப்பா?" கிளட்ச் அக்கா வண்டியை ஓரமாக மெதுவாக்கினாள். "ஏண்டி, நான் ஒண்ணு சொல்லவா? நாம ஆளே தேடல. வர்றவளை எல்லாம் வெளிய தள்ளுறோம். அந்த இடம் காலியாவே இருக்கணும், அவ்வளவுதான் நமக்கு."

"நான் தேடலையா? நான் தேடலையா அக்கா? ஒரு மாசமா நாயா அலையுறேன். நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணினீங்க? ஒருத்தி தூங்குறா, ஒருத்தி கிளட்சை விடுங்கிறா. எல்லாத்தையும் நானே பாக்கணும். நான் ஹாயா இருக்குறதால என் தலையில கட்டிட்டீங்க."

இதைக் கேட்டு டாக்டர் சிரிக்க, சிரிப்பில் அவள் கால் அழுந்த, கற்றுக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் பொருத்தியிருந்த பிரேக் தன் கடமையைச் செய்தது. வண்டி நடு ரோட்டில் குத்திட்டு நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரனை அழுத்தினார்கள்.

"ஹாயான ஆளு இறங்கி அவங்ககிட்ட பேசிட்டு வா" என்றாள் கிளட்ச் அக்கா.

லென்ஸ் இறங்கினாள். பேசப் போகவில்லை, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். நடந்த வழியெல்லாம் அக்கா சொன்னது பொய் என்பதற்குச் சாட்சி தேடினாள். மீன்தொட்டிக்காரியிடம் ஒரு குறையாவது இருந்தே ஆக வேண்டும். வீடு வரைக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் மைதானத்துப் பயிற்சியாளர் கண்ணாடி வாங்க வந்தார். சட்டத்தை மூக்கில் மாட்டிய நிலையிலேயே கேட்டார்: "உங்க அண்ணியோட பையைத் தூக்கிட்டு ஒருத்தர் வர்றாரே, சொந்தமா?"

"யாரு?"

"தெரியல. வேலை முடிஞ்சு வர்றார் போல. தலையில மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கிட்டு அடிப்பார். பந்து பறக்குற இடமாம். என்னையும் போடச் சொல்றார்."

லென்ஸ் கையிலிருந்த வட்டக் கண்ணாடியை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம், பேசாமல் இருந்த மூவரும் பேச வேண்டியதாயிற்று. பயிற்சித் திடலின் வேலியோரம், மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே குனிந்து உட்கார்ந்தார்கள். ஊரிலேயே ஒளிந்துகொள்ள அதைவிட மோசமான வண்டி கிடையாது. கூரையில் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து, கதவில் கிளட்ச் அக்காவின் தொலைபேசி எண்.

அண்ணன் இருந்தார். முழுக்கைச் சட்டை, அலுவலகக் காலணி, மஞ்சள் ஹெல்மெட். அண்ணியின் பையைத் துடைத்து, ஒரு மட்டையை உருவி, பந்துக்கு முன்னால் போய் நின்றார். நின்ற பக்கம் தப்பு. எழுதுவது, சாப்பிடுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் வலது கையால் செய்கிற மனிதர், இடது கைக்காரர்போல் திரும்பி நின்று, உடம்பு எதிர்க்க எதிர்க்க மட்டையை ஓங்கினார். கதவைத் தவறான பக்கம் தள்ளுகிற ஆள்போல் இருந்தது பார்க்க. பந்து இரண்டு எட்டு உருண்டது.

"விட்டுடு" என்றார் அண்ணன், பந்திடம்.

அடுத்தது. "விட்டுடு." அடுத்ததும். நிதானமாக, ஒவ்வொன்றையும் பரிசோதித்துத் தீர்ப்பு எழுதுகிறவர்போலச் சொன்னார்.

"மட்டைல வலது இடது இருக்குன்னு இவருக்கு யாரும் சொல்லலையா?" என்றாள் கிளட்ச் அக்கா. "கைக்கு ஏத்த மட்டையை எடுக்காம, மட்டைக்கு ஏத்த மாதிரி கையைத் திருப்பிட்டார் மனுஷன்."

டாக்டர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். பொத்திய கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

பிறகு ஒரு பந்து எப்படியோ எழும்பியது. பெரிய உயரமில்லை; ஒரு ஆள் உயரம். போய் விழுந்தது. அண்ணன் ஹெல்மெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். மட்டையைப் பையில் வைத்தார். நேராக வேலியைக் கடந்து மரத்தடிக்கு வந்தார். மூவரும் இன்னும் கீழே குனிந்தார்கள். கண்ணாடியில் தட்டினார்.

"இங்க வண்டி நிறுத்தக் கூடாது. தீயணைப்பு வண்டி வர்ற வழி."

மூவரும் இறங்கினார்கள், பள்ளிப் பிள்ளைகள்போல. என்ன பேசுவதென்று தெரியாமல் கிளட்ச் அக்காதான் ஆரம்பித்தாள்.

"இன்ஸ்பெக்டர் சார், அது இடது கைக்காரங்க மட்டை."

"தெரியும். முதல் நாளே அந்தப் பயிற்சியாளர் சொன்னார். வலது கை மட்டை தர்றேன்னார்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"வீட்ல இருக்குறது இந்தப் பைதான்" என்றார் அண்ணன்.

டாக்டர் பையின் வாரை நேராக்கிவிட்டாள்.

"அண்ணே" என்றாள் லென்ஸ். "ட்ரிப் கேன்சல் ஆகல."

"அதுவும் தெரியும்மா. ஜெராக்ஸ் கடையில பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு வந்து என்கிட்ட கேன்சல்ங்கிற. அவர் என்னைக் கூப்பிட்டு, தங்கச்சி எந்த ஊருக்குப் போறாங்கன்னு கேக்குறார்."

"அப்போவே ஏன் கேக்கல?"

"சொல்ல வேணாம்னு நினைச்சே. ஏதாவது காரணம் இருக்கும். சரின்னு விட்டேன்."

அதுவரை வைத்த பரீட்சைகளில் எதிலும் இப்படி ஒரு பதில் வரவில்லை. லென்ஸுக்கு முகம் சூடேறியது. தான் விட்டது என்று சொல்ல, வாழ்க்கையில் ஒன்றாவது இருக்கிறதா என்று யோசித்தாள். கணவரின் காபியைக்கூட விட்டதில்லை.

"நீங்களும் வாங்கண்ணே" என்றாள்.

"நானா? அவ இங்க வந்து என்னதான் பண்ணினான்னு பாக்கத்தான் வந்தேன். ட்ரிப்புக்கெல்லாம் இல்ல. நான் வந்தா உங்களுக்கு நிம்மதி இருக்காது."

மறுத்துச் சொல்ல வேண்டிய இடம். மூவருமே மறுக்கவில்லை.

"இருக்காதுதான்" என்றாள் கிளட்ச் அக்கா.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், ஒண்ணு கேக்குறேன். பந்து புல்லுக்குள்ள போயிடுச்சுன்னா தேடுவீங்களா?"

"தேடாம? கிடந்தா யாராவது மிதிச்சு வழுக்கி விழுவாங்களே."

"அப்பாடா. நாங்க ஒருத்தரும் தேட மாட்டோம். அண்ணியும் தேட மாட்டாங்க. நாலு பேரும் ஹாயா இருந்து இருந்து மைதானத்துல பாதி பந்து எங்களோடதுதான் கிடக்குது. ஒரு அலட்டுற ஆள் இருந்தாத்தான் இந்தக் கூட்டம் உருப்படும்."

"நான் அலட்டுவேன்ல" என்றாள் லென்ஸ்.

அவள் இதைச் சொன்னதும் கிளட்ச் அக்காவும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயே ஒத்துக்கிட்டியா?" என்றாள் அக்கா. "இந்தாம்மா டாக்டர், நாள், கிழமை குறிச்சு வச்சுக்கோ."

அண்ணன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அவர் யோசிப்பது என்றால் சுவரில் எங்கே விரிசல் என்று தேடுவது. மறுநாள் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"நம்ம ரூம் எத்தனாவது மாடி?"

சரி என்பதை அவர் இப்படித்தான் சொல்வார் என்று லென்ஸுக்குத் தெரியும்.

விடுதிக்குத் தொலைபேசி செய்யும்போது நால்வரும் கடையில் இருந்தார்கள். டாக்டர் உயர நாற்காலியில் சாய்ந்திருந்தாள், அண்ணன் எழுத்துப் பலகைக்கு அடியில், கிளட்ச் அக்காவுக்கு இடமில்லாமல் பாதி உடம்பு தெருவில். கண்ணாடிப் பெட்டியின் மேல் தொலைபேசியை வைத்து, எல்லாருக்கும் கேட்கிறமாதிரி ஒலியைக் கூட்டினாள் லென்ஸ்.

அதே மரியாதைக் குரல். நான்காவது ஆள் கிடைத்ததில் சந்தோஷப்பட்டது. பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டது. பிறகு, தயங்கி, பழைய பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டது.

ஒரு மாதமாக ஆள் ஆளாகத் தேடியலைந்தது எல்லாம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடத்தான் என்று அந்த நொடியில் லென்ஸுக்குப் பட்டது. கிளட்ச் அக்கா தெருவைப் பார்த்தாள். டாக்டர் கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

"இருக்கட்டுமே" என்றாள் லென்ஸ் மெதுவாக, அண்ணனிடம். "ஒரு ஓரமா இருந்தா அவங்களுக்கென்ன?"

"இல்லம்மா, எடுத்துடச் சொல்லு" என்றார் அண்ணன். வேலைக்குரலில்தான் சொன்னார். "ஒரு கட்டடத்துல யார் யார் இருக்காங்கன்னு எழுதி வச்சிருக்குறது சரியா இருக்கணும். ஏதாவது ஆச்சுன்னா, வெளிய நின்னு ஆளை எண்ணுவாங்க. இல்லாத ஆளைத் தேடிக்கிட்டு யாராவது உள்ள போயிடுவாங்க. அப்படிப் போனவங்களை நான் பாத்திருக்கேன்."

லென்ஸ் மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துடுங்க" என்றாள் தொலைபேசியிடம்.

எடுத்துவிட்டதாகக் குரல் சொன்னது. புதிதாக வருபவரைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டது.

"என் அண்ணன்தான். ரொம்ப ஹாயான மனுஷன்" என்றாள் லென்ஸ். "இருந்தாலும் இல்லாத மாதிரியே இருக்கும்."

தெருவிலிருந்து கிளட்ச் அக்கா இருமினாள்.

"ஒரு நிமிஷம்" என்று அண்ணன் முன்னால் குனிந்தார். வணக்கம் சொன்னார். மேல்மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கப் படி இருக்கிறதா, கீழே உள்ள கதவு வெளிப்பக்கமாகத் திறக்குமா, இரவில் அதைப் பூட்டி வைப்பார்களா என்று கேட்டார். அந்தப் பெண் அங்கே சேர்ந்த நாளிலிருந்து இதை யாரும் கேட்டதில்லையாம். படி இருக்கிறது, கதவைப் பற்றித் தனக்கே தெரியவில்லை, தொடர்பில் இருங்கள், நானே இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். தொலைபேசியைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள் போலிருந்தது.

நால்வரும் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து கேட்டார்கள். மரப்படியில் குதிகால் செருப்புச் சத்தம் கீழே கீழே இறங்கியது. நின்றது. தாழ்ப்பாள் ஒன்று பிடிவாதம் பிடித்தது. "தள்ளும்மா, தோளை வச்சுத் தள்ளு" என்று முணுமுணுத்தார் அண்ணன். கதவு திறந்துகொண்டது, திறந்த வேகத்தில் காற்று தொலைபேசிக்குள் புகுந்து இரைந்தது. அதற்கும் பின்னால், கடல்.